மோட்டார் எரிந்தால் யார் பேரில் குற்றம்?

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் நமது உறுப்பினர்கள் பலருக்கு மளிகைக் கடையின் பின்கட்டிலேயே மாவு மில்லும் மிளகாய் அரவையும் உண்டு. மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் கூலி ஒரு பக்கம். தூக்கோடு வந்த வாடிக்கையாளர் அடுத்த தெரு மில்லுக்குப் போய்விடுவது மறுபக்கம். உடனே, "வோல்டேஜே இல்லை, எல்லாம் மின்வாரியத்தால் வந்த வினை" என்கிறோம். சில சமயம் அது உண்மைதான். ஆனால் குற்றம் நம் சுவருக்குள்ளேயும் இருக்கலாம்.

எது என்று அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மீட்டர் பலகையிலும் மோட்டார் முனையிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். மோட்டார் நிற்கும்போது ஒரு முறை, கிளம்பும் நொடியில் ஒரு முறை. சிங்கிள் பேஸ் என்றால் 230 வோல்ட். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் 6 சதவீதம் கூடவோ குறையவோ இடம் கொடுத்தன; அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. மீட்டரிலேயே 180 என்றால் தேதி, நேரத்தோடு குறித்துக்கொண்டு மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் செய்யலாம். 180 வோல்ட்டில் மோட்டாரின் இழுவை ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். கிளம்ப முடியாமல் உறுமியே காயில் கருகும்.

முடிச்சூர் பக்கத்து உறுப்பினர் ஒருவர் கடையில் பார்த்தோம். மீட்டரில் 220; ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது அதன் முனையில் 185. குடோன் வரை 30 மீட்டருக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்திருந்தார். கிளம்பும்போது 30 ஆம்பியர் ஓடினால் அந்த ஒயரே 24 வோல்ட்டைத் தின்றுவிடும். மீதியை விழுங்கியது சுவிட்சில் தளர்ந்திருந்த ஒரு திருகு. 4 சதுர மி.மீ. ஒயராக இருந்தால் இழப்பு 9 வோல்ட்டுக்குள் நின்றிருக்கும். அவரோ அதற்குள் ஸ்டெபிலைசர் வாங்கி மோட்டார் அருகே மாட்டியிருந்தார்! வோல்டேஜை ஏற்றித்தர அது லைனில் இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும். மெல்லிய ஒயர் மேலும் சூடாகும்.

மூன்று பேஸ் இணைப்பில் ஒரு பேஸ் போய்விட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மற்ற இரண்டும் சுமார் 1.7 மடங்கு கரண்ட் சுமந்து, சில நிமிடங்களில் காயில் போய்விடும். சிங்கிள் பேஸ் பிரிவென்டரும், மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு ஏற்ப வைத்த ஓவர்லோட் ரிலேயும் இதற்குக் காவல். பியூஸில் தடித்த கம்பி சுற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தெருவில் கேபிள் வேலை நடந்த பிறகு மில் தலைகீழாகச் சுற்றினால் பேஸ் வரிசை மாறியிருக்கிறது என்று பொருள். இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டால் சரியாகும்.

கடையில் ஒரு பக்க விளக்குகள் மங்கி, மறுபக்கம் கண் கூசப் பிரகாசித்தால், அது நியூட்ரல் அறுந்ததற்கு அடையாளம். யோசிக்காமல் மெயினை அணையுங்கள். தாமதித்தால் பிரிட்ஜும் எலெக்ட்ரானிக் தராசும் போய்விடும்.

மழைக்காலம் தனி. 2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நீரில் நின்ற மோட்டார் வெளியே காய்ந்திருந்தாலும் காயிலுக்குள் ஈரம் இருக்கும். கழற்றி உலர்த்தி, மெக்கர் வைத்துப் பார்த்து, 1 மெகா ஓமுக்கு மேல் காட்டிய பிறகே சுவிட்ச் போட வேண்டும். எர்த் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். மாவு அள்ளும் பையனின் கை அந்த இரும்பு உடலின் மீதுதான் நாள் முழுதும் இருக்கிறது.