ஒன்றாம் வகுப்புக்கு யார் வரப்போகிறார்கள்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் நம் தெருக்களில் ஒரு கேள்வி சுற்றும். "பாப்பாவை எதுல சேர்க்கப் போறீங்க?" இருபது ஆண்டுகளுக்கு முன்பு யோசிக்காமல் பதில் வரும்: டீச்சர் டிரெயினிங். இரண்டு வருஷப் படிப்பு, எம்ப்ளாய்மென்ட்டில் பதிவு, என்றாவது ஒருநாள் ஆர்டர். இன்று அதே பெயரைச் சொன்னால், "அதைப் படிச்சவங்கதான் ஜவுளிக்கடையில நிக்கிறாங்களே" என்கிறார்கள்.

அதில் பொய் இல்லை. தனியார் பயிற்சி நிறுவனங்கள் வரிசையாகத் திறந்த காலத்தில் ஆட்டை விற்றும் தோட்டை அடகு வைத்தும் பணம் கட்டிய குடும்பங்களை நாம் அறிவோம். பிறகு 2009ல் கட்டாயக் கல்விச் சட்டமும், அதையொட்டி ஆசிரியர் தகுதித் தேர்வும் வந்தன. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்வை 6 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுத, தேறியவர்கள் 2,448 பேர். பதிவு மூப்பை நம்பி நின்ற வரிசை அன்றோடு கலைந்தது. தேர்ச்சிக்கு 150க்கு 90 என்பது நம் பிள்ளைகளுக்கும் அன்று அதேதான். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதை 82 ஆக்குவதற்கு 2014 ஆகிவிட்டது.

இவ்வளவு பட்ட பிறகும் இந்தப் படிப்பை நாம் கைவிடக் கூடாது என்றே சொல்வோம். ஏனென்று சொல்ல, நம் மாவட்டத்தில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியிடம் பேசியதிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. அவர்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் இவர்.

படிப்புக்கு இப்போது தொடக்கக் கல்விப் பட்டயம் என்று பெயர். முதல் ஆண்டிலேயே 'கற்கும் குழந்தை' என்றொரு தாள் உண்டு. அதில் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி வருகிறார். ஒரு குழந்தை தானாகச் செய்யக்கூடியது ஒன்று, தெரிந்தவர் பக்கத்திலிருந்து கைகொடுத்தால் செய்யக்கூடியது இன்னொன்று. கற்றல் நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் என்பது அவர் கருத்து. "இதைப் படிச்சப்பதான் எனக்கு ஏன் வகுத்தல் கணக்கு வராமப் போச்சுன்னு புரிஞ்சுதுங்க" என்றார் அந்த மாணவி. கைகொடுக்க வீட்டில் ஆள் இல்லை. வேலை முடித்து இருட்டிய பின் வரும் அப்பா அம்மாவால் முடியாது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கை பள்ளியில் இருந்தால்தான் உண்டு.

தாள்களை மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடலாம். கற்பித்தல் பயிற்சிக்கு வாரக்கணக்கில் பள்ளிக்குப் போகும்போதுதான் படிப்பின் மற்ற முகம் தெரிகிறது. பாடக்குறிப்பு எழுத வேண்டும், துணைக்கருவி செய்ய வேண்டும், ரெக்கார்டு நோட்டு முடிக்க வேண்டும். சார்ட்டும் ஸ்கெட்ச்சும் வாங்கவே காசு கரைகிறது. உதவித்தொகை கைக்கு வருவதற்குள் பயிற்சியே முடிந்துவிடுகிறது. இவர் சார்ட்டை விட்டுவிட்டுப் புளியங்கொட்டையும் ஈர்க்குச்சியும் கொண்டுபோனார். பத்து பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியை அவிழ்த்துக் காட்டினால் கடன் வாங்கிக் கழித்தல் ஒன்றுமில்லை என்கிறார்.

பயிற்சிக்குப் போன ஊரில் முதல் நாளே விசாரணை. "எந்த ஊரும்மா?" அடுத்தது, "ஊர்ல எந்தப் பக்கம்?" இதற்கு எந்தத் தாளிலும் விடை இல்லை.

அந்த ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து அட்டைகளை ஒருவர் கையிலிருந்து ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு பையன் மட்டும் பக்கத்துப் பிள்ளையின் கையில் வாங்கவில்லை. "கீழ வை, எடுத்துக்கறேன்" என்றானாம். ஏனென்று கேட்டால், "எங்க ஆயா சொல்லிச்சு." ஆறு வயது. வகுப்பாசிரியரிடம் சொன்னபோது, "அதெல்லாம் கண்டுக்காதம்மா, பயிற்சிய முடிச்சுட்டுப் போ" என்றிருக்கிறார். அன்றைய ரெக்கார்டில் இவர் எழுதியது: பாடம் நல்லமுறையில் நிறைவுற்றது.

மறுநாள் அட்டையை எடுக்கவில்லை. புளியங்கொட்டையை உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்கு மாற்றிக்கொண்டே எண்ணும் விளையாட்டு. கீழே வைத்தால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும், மொத்த வட்டமும் அவனைப் பார்த்துக் கத்தும். இரண்டு முறை வைத்தான். மூன்றாவது முறை கை நீட்டிவிட்டான். "சாதி போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன் சார். அம்பது வரைக்கும் எண்ணினான்" என்றார்.

நாங்குநேரியில் 2023ல் வீடு புகுந்து மாணவனை வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தையும் திருத்தச் சொன்னது. கையில் கயிறு கட்டும் பேச்சு எடுபட்ட அளவுக்கு இது எடுபடவில்லை. மேல்நிலைப் பள்ளியில் அரிவாளாகத் தெரிவது ஒன்றாம் வகுப்பில் "கீழ வை" என்று தொடங்குகிறது. அதைப் பார்த்தவுடன் அடையாளம் காணும் கண் அனுபவித்தவர்களுக்கு இருக்கும். அதனால்தான் இந்தப் படிப்பில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்கிறோம். மற்றவர்களுக்கு அந்தக் கண் வராது என்று சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், சொல்லித்தரப்படவில்லை.

வேலை விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். தகுதித் தேர்வு தேறினாலே ஆர்டர் இல்லை. 2018 அரசாணைப்படி தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு. 2024 ஜூலையில் இடைநிலை ஆசிரியர் பணிக்கு அந்தத் தேர்வு நடந்தது, இடங்கள் 2,768. நிரந்தர நியமனம் தள்ளிப்போகும்போது தற்காலிகம்தான். 2022ல் அதற்கு அரசு நிர்ணயித்த மாதத் தொகை 7,500 ரூபாய், நூறு நாள் வேலையோடு ஒப்பிட்டுப் பேசும் அளவுக்குத்தான் இருந்தது. மறுபக்கம், தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். செல்லாது, இந்தப் பட்டயமே தகுதி என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போட்டியாளர் வரிசையில் ஒரு பெரிய கூட்டம் விலகியிருக்கிறது.

சேர நினைப்பவர்கள் தனியாரிடம் போகும் முன் அரசு நிறுவனத்தைப் பாருங்கள். கட்டணம் மிகக் குறைவு. எல்லா நிறுவனத்திலும் ஆண்டுதோறும் சேர்க்கை நடப்பதில்லை, எனவே முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே தயார் செய்யுங்கள்.

தகுதித் தேர்வின் முதல் தாளில் குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் 30 கேள்வி. பெரும்பாலும் பள்ளிப் பாடநூலை ஒட்டித்தான் கேட்கிறார்கள். கோச்சிங் சென்டர் கைடுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு முன், தம்பி தங்கைகளின் பழைய புத்தகங்களைப் பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த மாணவி தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கி, கட்டிலுக்கடியில் ஒரு சாக்கில் வைத்திருக்கிறார். ஏழாம் வகுப்பு அறிவியல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லையாம்.