குளிரைக் காக்கும் தொழில் – 6: உறையும் துளையும் உருகும் ஐஸும்

நீரை உறையவிடாமல் தடுப்பதும் உறைந்த நீரை உருகவிடாமல் காப்பதும் எதிரெதிரான வேலைகளாகத் தோன்றினாலும், வெப்பம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாயும் ஓட்டத்தைத் தாமதப்படுத்துவதே இரண்டிலும் செய்யப்படுகிறது. இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகருக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரியில், பனித்தளத்தில் துளையிட்டுத் தூண்டில் போடுவோர் அத்துளை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளப் பாடுபடுகின்றனர்; திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் பலநாள் படகுகளிலோ, ஏற்றிய ஐஸ் கரை திரும்பும்வரை தாங்க வேண்டுமே என்பதுதான் கவலை. நீருக்கும் மீனுக்கும் கேடு செய்யாமல் இக்காரியத்தை முடிப்பது எவ்வாறு என்ற கேள்வி இரு கரைகளுக்கும் பொதுவானதாகும்.

பனித்தளத்துத் துளை பெரும்பாலும் 15 முதல் 25 சென்றிமீற்றர் வரை விட்டமுடையது. நீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில் மிக அதிக அடர்த்தி கொண்டு அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறையும் இயல்புடையதாதலால், துளையானது காற்றுப் படும் மேற்பரப்பிலிருந்தே மூடத் தொடங்குகிறது. ஆகவே காற்றை மறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வெப்பங்கடத்தாப் பொருளாலான மூடியைத் துளையின்மேல் பொருத்தி, அதன்மீது தளர்வான பனித்தூளைக் குவித்துவிட்டால், துகள்களுக்கிடையே சிக்கிய காற்றே போர்வையாகி நீரின் வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்து வைக்கிறது. வெயில் எறிக்கும் நாட்களில் கறுப்பு நிற மூடி ஒளியை உறிஞ்சிச் சற்று வெப்பத்தையும் சேர்க்கிறது. அதையும் மீறிப் படரும் மெல்லிய படலத்தைத் துளையுள்ள அகப்பையால் அள்ளி எறிந்துவிடலாம். அடிநீரை மேலே கிளப்பும் குமிழி இயந்திரங்கள் படகுத்துறைகளில் பயன்படுகின்றனவாயினும், அவை சுற்றியுள்ள பனித்தளத்தையும் மெலியச் செய்து அதன்மேல் நடப்போரின் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

இவற்றுக்குப் பொறுமையில்லாதோர் நாடும் வழி, துளைக்குள் உப்பையோ வாகனங்களுக்குரிய உறைதடுப்புத் திரவத்தையோ கொட்டுவதாகும். அத்திரவங்களில் பரவலாகப் பயன்படும் எதிலீன் கிளைக்கோல் விலங்குகளுக்கு நஞ்சு. உப்போ கரைந்து கண்ணுக்கு மறைந்தாலும் அதிலுள்ள குளோரைட்டு சிதைந்து போவதில்லை. குளிர்காலத்தில் வீதிகளில் தூவப்படும் உப்பினால் சிம்கோ ஏரியின் குளோரைட்டு அளவு பல ஆண்டுகளாகவே ஏறிவருகிறது. மேலும், உப்புநீர் கனத்து அடியில் அமிழ்ந்துவிடுவதால் துளை நெடுநேரம் திறந்திருப்பதுமில்லை. ஏரிக்கும் கேடு, வேலையும் ஆகவில்லை.

நீரின் உறைநிலையைத் தாழ்த்தும் உப்பின் அதே இயல்பு, ஐஸ் தொழிற்சாலையில் மூடிய தொட்டிக்குள் பயனுள்ளதாகிறது. அங்கே நன்னீர் நிரப்பிய உலோக அச்சுகள் செறிந்த உப்புக்கரைசலில் இறக்கப்படுகின்றன. பூச்சியத்துக்குக் கீழே சுமார் 10 பாகைவரை குளிர்ந்தும் உறையாமல் சுழலும் அக்கரைசல், அச்சுக்குள் இருக்கும் நீரின் வெப்பத்தை வாங்கி அதைக் கட்டியாக்குகிறது. கரைசலைக் குளிர்விக்கப் பல ஆலைகளில் பயன்படும் அமோனியா, ஓசோன் படலத்துக்கோ புவியின் வெப்பநிலைக்கோ கேடு செய்யாத வாயு. ஆனால் கசிந்தால் கண்ணையும் மூச்சையும் தாக்குமாதலால், தொழில் தெரிந்தவர்களின் கண்காணிப்பு அதற்கு இன்றியமையாதது.

இவ்வாறு உருவான ஐஸ், திருகோணமலையில் ஏறத்தாழ 30 பாகை வெப்பமுள்ள காற்றையும் கடலையும் எதிர்கொள்கிறது. மேற்கிலிருந்து தரைவழியாக வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பம் இன்னும் கடுமையாகும். கிழக்குக் கரையில் மீன்பிடி மும்முரமாக நடப்பதும் அம்மாதங்களிலேதான். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை உட்கொள்கிறது. இதற்கு மறைவெப்பம் என்று பெயர். ஒரு கிலோ மீனை 30 பாகையிலிருந்து பூச்சியத்துக்கு இறக்க ஏறத்தாழ 24 கிலோகலோரியை அகற்றினாலே போதுமாதலால், கணக்கின்படி ஒரு கிலோ ஐஸ் மூன்று கிலோவுக்கும் சற்று அதிகமான மீனைக் குளிர்விக்க வேண்டும். வெப்ப நாடுகளில் மீனின் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ ஐஸ் தேவைப்படுவதன் காரணம், எஞ்சிய பெரும்பகுதி சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் உட்புகும் வெப்பத்துக்கு இரையாகிவிடுவதே. படகின் ஐஸ் அறையில் கவனிக்க வேண்டியது இந்த இழப்பைத்தான்.

அறையின் அடியில் ஐஸைத் தடிப்பாகப் பரப்பி, மீன் ஒரு அடுக்கும் உடைத்த ஐஸ் ஒரு அடுக்குமாக நிரப்பி, பக்கச் சுவர்களிலும் மேற்புறத்திலும் கூடுதலாக இட்டு மூடுவதே முறை. பெருங்கட்டியாக விட்டால் ஐஸ் மெதுவாக உருகும் என்பது உண்மையே; ஆயினும் கட்டியின் கூரிய விளிம்பு மீனின் தோலைக் கிழிப்பதோடு, கட்டிக்கும் மீனுக்கும் இடையில் நிற்கும் காற்று குளிரைச் சேரவிடாது. நன்கு உடைத்த ஐஸிலிருந்து கசியும் பூச்சியப் பாகை நீர் மீனின் உடலெங்கும் வழிந்து, வெப்பத்தோடு குருதியையும் வழும்பையும் கழுவிச் செல்கிறது. அந்நீர் அடியில் தேங்காமல் வடிய வேண்டும். ஐஸின்மேல் உப்பைத் தூவினால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும், ஆனால் ஐஸும் விரைவில் தீர்ந்துபோகும். பல நாட்கள் தாங்க வேண்டிய ஐஸுக்கு அது உதவாது. சூரை போன்ற மீன்களில் குளிர் தவறினால் பற்றீரியாக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. சமைத்தாலும் அழியாத இது உண்டவரின் உடலில் தடிப்பையும் தலைவலியையும் தோற்றுவிக்கும்.

ஐஸை வெப்ப நாட்டில் காக்கும் வித்தை புதியதன்று. அமெரிக்க வணிகரான பிரெடரிக் டியூடர், மசச்சூசெட்ஸ் ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டிகளை 1833இல் பொஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேற்றியபோது, ஏறத்தாழ 180 தொன்னில் 100 தொன் நான்கு மாதப் பயணத்துக்குப் பின்னும் மிஞ்சியிருந்தது. இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் சென்னை ஐஸ் ஹவுஸ் 1842இல் எழுந்ததும் அந்த வணிகத்துக்காகவே. இத்தனைக்கும் டியூடர் நம்பியிருந்த காப்புப் பொருள் மர ஆலைகள் கழித்துவிட்ட மரத்தூள்.

திருகோணமலையின் வாடிகளில், அதாவது கரையோர மீன் கொள்வனவுக் கொட்டகைகளில், மரத்தூளின் இடத்தை ரெஜிபோம் பெட்டி பிடித்திருக்கிறது. பொலிஸ்டைரீன் நுரையாலான இப்பெட்டி இலேசானது, மலிவானது, வெப்பத்தையும் நன்றாகவே தடுக்கிறது. அதன் குறையெல்லாம் உடைந்த பின்னரே தொடங்குகிறது. விளிம்பு நொறுங்கியதும் வெண்மணிகளாக உதிர்ந்து, காற்றோடு கடலில் இறங்கி, மக்காமல் மிதந்து, மீனும் ஆமையும் பறவையும் இரையென விழுங்கும் பொருளாகிவிடுகிறது. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவின் பவளப்பாறைகள் நிலாவெளிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடக்கின்றன. 2017இல் இலங்கையில் வந்த ரெஜிபோம் தடை உணவுப் பெட்டி, தட்டு, கோப்பை முதலியவற்றையே குறிவைத்தது. மீனால் பிழைக்கும் கரையொன்று மீன் வளரும் நீரிலேயே இம்மணிகளைச் சேரவிடுவது வேதனைக்குரியது.

மாற்று வழிகள் மாவட்டத்துக்குள்ளேயே உள்ளன. கந்தளாய், மூதூர், கிண்ணியாப் பகுதிகளின் நெல் ஆலைகளில் கிடைக்கும் உமியும், தென்னந்தும்பும் காற்றைத் தம்முள் அடக்கி வைப்பவை. நுரையை விடச் சற்றுத் தாழ்ந்த காப்பையே தருமாதலால், அதே பலனுக்குச் சுவரின் தடிப்பைக் கூட்ட வேண்டியிருக்கும். கண்ணாடியிழைத் தகடுகள் இரண்டுக்கு நடுவே உமியை இறுக்கி அடைத்துச் செய்யும் பெட்டி, வாடியிலும் கூலர் லொறி வந்து சேரும் துறையிலும் பல பருவங்கள் உழைக்கும். அதன் ஒரே பகை ஈரம்: காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் நீர் உள்ளே புகுந்தால், உமி காப்பாக இருப்பதை விட்டு அழுகத் தொடங்கும். ஆகவே மூட்டுகளைப் பிசினால் அடைப்பதும், உமியை நிரப்புமுன் நன்கு வெயிலில் காயவைப்பதும், வடிகுழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் கசிவு இல்லையெனப் பருவந்தோறும் சோதிப்பதும் பெட்டி செய்வோர் கைக்கொள்ள வேண்டிய விதிகளாகும். பலநாள் படகுகளின் ஐஸ் அறைக்கு, ஈரத்தை எளிதில் ஏற்காத பொலியூரெத்தேன் நுரையைக் கண்ணாடியிழைக்குள் முற்றாக மூடிப் பொருத்துவதே ஏற்றது. படகின் ஆயுள்வரை சுவருக்குள் அடங்கியிருக்கும் அந்நுரை கடலில் சேர்வதில்லை.

(தொடரும்)