வினைல் வெட்டும் இயந்திரம் வாங்குமுன்...

பள்ளிப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் பெயர், காரின் பின்கண்ணாடியில் பளபளக்கும் 'முருகன் துணை', தைப்பூசத்தில் காவடிக் குழுவினரின் சட்டை முதுகில் உள்ள எழுத்து, இவையெல்லாம் எப்படிச் செய்யப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெரும்பாலும் வினைல் என்னும் மெல்லிய தாளைக் கத்தியால் அறுத்துச் செய்தவைதான் அவை. அறுக்கும் இயந்திரம் பார்வைக்கு அச்சு இயந்திரம் போலவே இருக்கும். மை இருக்கும் இடத்தில் ஊசி போன்ற கத்தி இருக்கும், அவ்வளவுதான். கத்தி மேல்தாளை மட்டும் அறுக்கும். வேண்டாத பகுதியை நாம் கையால் உரித்தெடுத்து, மிஞ்சிய எழுத்தை ஒட்டுநாடாவால் தூக்கிப் பொருளின்மேல் ஒட்ட வேண்டும்.

இந்த இயந்திரத்தை வாங்கிப் பக்கத் தொழில் செய்யலாமா என்று எங்கள் தோட்டத்திலேயே மூன்று குடும்பத்தார் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்களுள் ஓர் அம்மாவின் நிலையை நீங்கள் நன்கு அறிவீர்கள். கணவருக்கு அடுத்த ஆண்டு 60 வயது. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். கையில் இருப்பது சீட்டுப் பணம். கோழி வளர்த்தால் கோழிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு பட்டணத்து அடுக்குமாடிக்குப் போக முடியாது, இதை ஒரு பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாமே சார் என்றார். சரியான எண்ணம்தான். ஆனால் சீட்டுப் பணம் ஒருமுறைதான் கைக்கு வரும். ஆகையால் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. சிறிய நல்ல இயந்திரம் ஒன்று ஏறக்குறைய அந்த ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். 1,400 வெள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். போத்தல் பெயர் ஒன்று 2 வெள்ளி, அதற்கான தாளும் நாடாவும் 40 காசு என்றால் மிச்சம் 1 வெள்ளி 60 காசு. போட்ட முதல் திரும்ப 875 போத்தல் வேண்டும்! எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து போத்தல் வைத்திருந்தாலும் அந்த எண்ணிக்கை எட்டாது. சட்டையை வாடிக்கையாளரே கொண்டுவந்து, எழுத்துப் பதிக்க 10 வெள்ளி கொடுத்து, தாளுக்கு 3 வெள்ளி போனால் மிச்சம் 7 வெள்ளி. 200 சட்டையில் முதல் திரும்பிவிடும். இவை என் கணக்குக்காகப் போட்ட விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். எதை விற்பது என்று முடிவு செய்த பிறகே எந்த இயந்திரம் என்று கேட்க வேண்டும். விற்பனையாளர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லித் தருவார்கள்.

சட்டைக்கு வேறு வகை வினைல் உண்டு. அதை எழுத்து திரும்பித் தெரியும்படி, கண்ணாடியில் தெரிவதுபோல் அறுத்து, சுமார் 150 பாகை செல்சியஸ் சூட்டில் சில விநாடிகள் அழுத்த வேண்டும். நாலைந்து சட்டைக்கு வீட்டு இஸ்திரிப் பெட்டி போதும், நீராவியை மட்டும் அடைத்துவிடுங்கள். கோயில் திருவிழாவுக்கு நூறு சட்டை என்றால் சூட்டு அழுத்தி தனியாக வாங்க வேண்டி வரும். அந்தச் செலவை முன்னதாகவே கணக்கில் சேருங்கள்.

போத்தல், சட்டை, குவளை போன்றவற்றுக்கு 12 அங்குல மேசை இயந்திரமே போதும். கிரிகட், சில்ஹவுட் கேமியோ ஆகியவை இவ்வகை. கடைப் பெயர்ப்பலகை, லாரி, வேன் என்றால் 24 அங்குலச் சுருள் போகும் பெரிய இயந்திரம் வேண்டும். ஜப்பானிய ரோலண்டும் கிராஃப்டெக்கும் இவ்வகையில் பேர் பெற்றவை. விலையைக் கேட்டால் தலை சுற்றும். சீனத்திலிருந்து வரும் பெரிய இயந்திரங்கள் மலிவு. ஆனால் மலிவானவற்றில் இருக்கும் மோட்டார் பெரும்பாலும் இரைச்சல் போடும் வகை. சுவர் ஒட்டிய லயத்து வீட்டில் இரவு பதினொரு மணிக்கு ஓட்டினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அவற்றைக் கணினியோடு இணைத்துப் பழக்குவதற்கும் பொறுமை வேண்டும். முதல் இயந்திரமாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணினி இல்லாத வீடா? கிரிகட்டைக் கைப்பேசியிலிருந்தே இயக்கலாம். ஆனால் அதன் மென்பொருள் பெரும்பாலும் இணையத்தையும் அந்த நிறுவனத்தில் நாம் திறக்கும் கணக்கையும் நம்பியிருக்கிறது. 2021 மார்ச்சில் அந்நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படங்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பின்னரே அதைக் கைவிட்டது. சில்ஹவுட் மென்பொருள் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் எஸ்.வி.ஜி. வகைப் படங்களைத் திறக்க அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். செம்பனைக்கு நடுவே கைப்பேசிக்குக் கோடு கிடைக்காத தோட்டத்தில் இருப்பவர்கள் இரண்டாவதையே முதலில் பார்ப்பது நல்லது.

தாள் விஷயத்தில் ஒரு வார்த்தை. கார், கடைக்கண்ணாடி போன்று வெயில் மழை படும் இடத்துக்கு ஒராக்கல் 651 போன்ற வெளிப்புற வினைலே வேண்டும். ஒராக்கல் 631 உள்சுவருக்கானது, பின்னர் உரித்துவிடலாம். மலிவான தாளை ஒட்டிக் கொடுத்தால் ஓரம் சுருளும், நிறம் வெளுக்கும். பேர் கெடுவது உங்களுக்குத்தான், தாள் விற்றவருக்கு அல்ல. குவளையில் உதடு படும் விளிம்புக்கு எழுத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

காசு வருகிறதே என்று சில வேலைகளை ஏற்கலாகாது. வாகன எண் பலகை எழுத்தின் வடிவையும் அளவையும் ஜே.பி.ஜே. வகுத்திருக்கிறது. அலங்கார எழுத்து கேட்டு வரும் பையன்களைத் திருப்பி அனுப்புங்கள். டிஸ்னி பொம்மைப் படங்களை அறுத்து விற்பது 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் மாட்டக்கூடியது. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இதற்கு அஞ்ச வேண்டாம். பதிவு இருந்தால்தான் பின்னாளில் தெக்குன் போன்ற கடனுக்கு வாய் திறக்க முடியும்.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். நம் எழுத்தில் ஒரு சங்கடம் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி தனித்துண்டாக நிற்கும். எழுத்து சிறிதானால் உரிக்கும்போது புள்ளியும் கூடவே பறந்துவிடும். ழ, ண, ஞ போன்றவற்றின் சுழிகளும் அப்படியே. சில மென்பொருளில் 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறும். இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் எழுதி, எழுத்தை வரைகோடாக மாற்றிக்கொண்டு போனால் சிதறாது. 'கிருஷ்ணன்' என்ற பெயரை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணெதிரே அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களே உரித்துப் பாருங்கள். பழைய இயந்திரம் வாங்குகிறவர்கள் கத்திக்குக் கீழே ஓடும் பட்டையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும்.

புள்ளிகள் இரண்டும் இடத்தில் நிற்கின்றனவா? மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா? தாளைத் திருப்பினால் அடித்தாள் அறுபடாமல், மெல்லிய கீறல் மட்டும் தெரிகிறதா? அப்படியானால் விலை பேசத் தொடங்கலாம்.