உங்களுக்குத் தெரியுமா? சொந்தப் பெயரில் ஆட முடியாத கல்லூரிகள்

● திருச்சி தூய வளனார் கல்லூரியோ, தேசியக் கல்லூரியோ, ஸ்ரீரங்கம் தீவிலுள்ள ஸ்ரீமத் ஆண்டவன் கல்லூரியோ எவ்வளவு வலுவான ஹாக்கி அணியை வைத்திருந்தாலும், தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் தன் பெயரில் களமிறங்க முடியாது. அங்கே பல்கலைக்கழகமே அணி.

● கல்லூரிகளுக்கு இடையேயான ஆட்டங்களில் திறம் காட்டுவோர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, மண்டலப் போட்டியில், அதாவது நாட்டை நான்காகப் பகுத்து நடத்தும் தகுதிச் சுற்றில் ஆடுகின்றனர். அதில் முதல் நான்கு இடம் பெறும் அணிகள் அகில இந்தியச் சுற்றுக்குச் செல்கின்றன.

● 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, திருச்சி மாணவர்கள் சென்னைப் பல்கலைக்கழக அணியில் இடம்பிடிக்கத் தலைநகரின் பெரிய கல்லூரி வீரர்களோடு போட்டியிட வேண்டியிருந்ததால், தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது காவிரிக்கரை ஹாக்கிக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

● அமெரிக்காவிலோ, ‘கான்பரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புகளில் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தத்தம் பெயரிலேயே ஆடுகின்றன. அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் 1983இல் தொடங்கிய ஹாக்கிப் பட்டம் மகளிருக்கு மட்டுமே உரியது.