பழைய ஆசனத்தை உரிக்கலாமா?

ஜாகுவார் ஈ-டைப் என்னும் இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1961-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஜெனீவாவில் ஜனங்களின் பார்வைக்கு வந்தது. 1974-இல் அதன் உற்பத்தி நின்றது. ஆகவே, மாற்றப்படாத தோலாசனம் எதுவாயினும் அதற்கு வயது ஐம்பதுக்கு மேல்தான்.

தோலுக்குச் சத்துரு வெயில் என்பார்கள். வாஸ்தவமே, ஆனால் ஏறுகிறவரும் ஒரு சத்துருதான்! வண்டி மிகத் தாழ்ந்ததாகையால், ஆசனத்தின் வெளி விளிம்பில் தொடையை ஊன்றி உள்ளே சறுக்க வேண்டியிருக்கிறது. அவ்விளிம்பே முதலில் தேய்ந்து வெடிக்கிறது. (பள்ளிக்கூடத்துப் பெஞ்சியிலும் ஓரந்தானே முதலில் தேய்கிறது?) தோல் உறுதியாயிருக்கும்போதே தையல் நூல் இற்றுவிடுவதும் உண்டு.

இதைக் கண்டதும் முழுவதையும் உரித்தெறிந்து புதுத் தோல் போர்த்துகிறவர்களின் அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை. ஜாகுவாருக்குத் தோல் கொடுத்துவந்த பழைய கானலி கம்பெனி 2002-இல் மூடப்பட்டது. உரித்தெறிந்த தோல் திரும்பி வருமா? வெடிப்பின் அடியில் மெல்லிய துணி ஒட்டலாம். பிரிந்த தையலைத் திரும்பத் தைக்கலாம். ஆனால் ஊசி பழைய துளைகளிலேயே செல்ல வேண்டும். பக்கத்தில் புதுத் துளைகள் இட்டால், தபால் தலையைப் போல் வரிசையாகக் கிழிந்துவிடும்.

முதல் வண்டிகளின் ஆசனம் முதுகுக்குச் சுகமானதன்று. 1964-இல் வந்த 4.2 லிட்டர் வண்டியில் கம்பெனியாரே அதைத் திருத்தினார்கள். ஆகையால் நெடும் பிரயாணம் செய்கிறவர் வேறு ஆசனம் பொருத்துவதை நான் குறை கூறமாட்டேன். வண்டியின் தளத்தில் மட்டும் புதிதாகத் துளையிட வேண்டாம். கழற்றிய ஆசனங்களை உலர்ந்த அறையில் பருத்தித் துணியால் மூடி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை கூடாது. ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடித்துவிடும்.