பழைய எண்டெவரில் முன் சக்கரம் இழுக்கலைன்னா எங்கே பார்ப்பது?

மறைமலை நகரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருத்தர் 2006 மாடல் ஃபோர்டு எண்டெவர் 4x4 வச்சிருக்கார். அங்கேயே இருக்கிற ஃபேக்டரியில் அசெம்பிள் ஆன வண்டி. மழைக்கு அப்புறம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு மனையைப் பார்க்கப் போனவர் களிமண்ணில் மாட்டிக்கிட்டார். 4H போட்டும் பின் சக்கரம் மட்டும் சுத்திக் குழி பறிச்சதே தவிர, முன் சக்கரம் அசையவே இல்லை. டிராக்டர் வச்சு இழுத்து வெளியே எடுத்தாங்க.

அடுத்து போன ஒர்க்‌ஷாப்பில் "டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு, மொத்தமா மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சதிலிருந்தே பார்ட்ஸ் பத்திப் பயந்துக்கிட்டு இருந்தவர் அவர். 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி.யை வேற புதுப்பிச்சிருந்தார். "பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடலாமா"ங்கற அளவுக்கு வந்துட்டார். போடறதுக்கு முன்னாடி ஒருநாள் கொடுங்கன்னு நான் கேட்டேன்.

இந்த முதல் தலைமுறை எண்டெவர், தாய்லாந்தின் ரேஞ்சர் பிக்கப்பை அடிப்படையா வச்சு செஞ்சது. டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரைத் தள்ளினா, பின்னாடி போற சக்தியில் ஒரு பங்கு முன் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் போகும். ஆனா அது பாதி வேலைதான். சாதாரண ஓட்டத்தில் முன் டிஃபரன்ஷியல் சும்மா சுத்தி டீசலைத் தின்னக் கூடாதுன்னு, முன் ஆக்ஸிலில் ஒரு பக்கத்தைக் கழட்டி விடுற ஏற்பாடு இருக்கு. ஆர்.எஃப்.டபிள்யூ. பட்டனை அழுத்தினா வேக்யூம் ஒரு ஸ்லீவை நகர்த்தி அந்தப் பக்கத்தைத் திரும்பக் கோத்து விடும்.

பலரும் தப்பு பண்ற இடம் இதுதான். "ஒரு பக்கம் கழண்டிருந்தா இன்னொரு பக்கமாவது இழுக்கணுமே?"ன்னு அண்ணன் கேட்டார். இழுக்காது. சாதா டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் சம அளவு விசையைத்தான் கொடுக்க முடியும். ஒரு பக்கம் பிடிப்பே இல்லாம சுத்தினா அங்கே விசை பூஜ்யம். அதனால மறுபக்கத்துக்கும் பூஜ்யம்தான். ஷாஃப்ட் சுத்தும், கிரவுன் சுத்தும், ஆனா வண்டி நகராது. வெளியிலிருந்து பார்த்தா டிரான்ஸ்ஃபர் கேஸ் செத்த மாதிரியே தெரியும்.

அதனால ரெண்டையும் தனித்தனியா சோதிச்சோம். முதல்ல தரையில், எஞ்சின் ஓடும்போதே பட்டனை லாக்கில் போட்டு எஞ்சினை ஆஃப் பண்ணினோம். பின் சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், முன்பக்கம் ரெண்டு சக்கரமும் தூக்கி ஸ்டாண்டில். (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க. ஒரு ஆக்ஸிலைத் தூக்கிட்டு 4H-ல் கியர் போட்டு ஓட்டியும் பார்க்காதீங்க, ஸ்டாண்டிலிருந்து வண்டி குதிச்சிடும்.) 2H-ல் முன் ஷாஃப்டைக் கையால் திருப்பினா சுத்துச்சு. 4H போட்டதும் இறுகி நின்னுடுச்சு. அப்போ டிரான்ஸ்ஃபர் கேஸ் கோத்துக்குது, அதில் குறை இல்லை.

அடுத்து, அதே 4H-ல் ஒரு முன் சக்கரத்தைக் கையால் சுத்தினோம். ஆக்ஸில் கோத்திருந்தா எதிர்ப்பக்க சக்கரம் தலைகீழா சுத்தணும். அது அசையவே இல்லை. லாக் ஆகலைன்னு தெரிஞ்சுபோச்சு.

லாக் ஏன் ஆகலைன்னு பார்க்க, வண்டியை இறக்கி, எஞ்சினை ஐடிலில் விட்டு, ஆக்சுவேட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் கழட்டி முனையில் விரல் வச்சோம். பட்டனை அழுத்தறப்போ உறிஞ்சல் ஒரு ஹோஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறணும். ஒண்ணில் மட்டும் இருந்தது, லாக் பக்கத்து ஹோஸில் சுத்தமா இல்லை. பிரேக் பெடலும் கட்டையா இருந்திருந்தா வேக்யூம் பம்பையே சந்தேகப்பட்டிருப்பேன், ஏன்னா பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்புதான். பிரேக் நல்லா இருந்ததால் ஹோஸ் வழியே தேடிப் போனோம். சோலினாய்டுக்குப் பக்கத்தில், எஞ்சின் சூட்டில் காய்ஞ்சு அப்பளமா வெடிச்சிருந்தது. ஒரு முழம் ரப்பர் ஹோஸ்தான் மொத்தச் செலவு.

வேற சில விஷயம் சுருக்கமா. 4H-ல் தார் ரோட்டில் திருப்பும்போது வண்டி இழுத்துக் குதிக்கிறது பழுது இல்லை. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத பார்ட்-டைம் அமைப்பு இது, ஈரமில்லாத தாரில் போடவே கூடாது. லீவர் திரும்ப வரலைன்னா கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க, இறுக்கம் விடும். முன்னாடி ரெண்டு மட்டும் புது டயர் போட்டாலும் இதே இறுக்கம் வரும். தேய்மானத்தால் சுற்றளவில் ஒரு சதவீதம் வித்தியாசம் இருந்தாலே 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் கணக்கு இடிக்கும். கியர் மாத்தும்போது "டங்"னு அடிச்சா கிராஸையும் ஸ்லிப் ஜாயின்டையும் பாருங்க. பாதி நேரம் கிரீஸ் அடிச்சாலே அடங்கிடும். திருப்பத்தில் "டக் டக்"னா முன் ஆக்ஸில் பூட் கிழிஞ்சிருக்கும்.

நம்ம ஊருக்குன்னு தனியா ஒண்ணு சொல்லணும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமும், 2023-ல் மிக்ஜாம் புயலிலும் தண்ணிக்குள்ள ஓட்டின வண்டிகள் நிறைய. ஓடிச் சூடான ஹவுஸிங் சட்டுனு குளிர்ந்தா உள்ளே இருக்கிற காத்து சுருங்கும். பிரீதர் அடைச்சிருந்தா அந்தக் காத்துக்குப் பதிலா ஆயில் சீல் வழியா தண்ணி உள்ளே வரும். அன்னிக்கு வண்டி நல்லாத்தான் ஓடும். பேரிங்கும் கிரவுன் பினியனும் துருப்பிடிச்சு ஊளையிட மாசக்கணக்காகும். தண்ணியில் இறங்கினா அந்த வாரமே டிரெயின் போல்ட்டைக் கழட்டிப் பாருங்க. ஆயில் பால் டீ கலரில் வந்தா ஆறப் போடாம மாத்துங்க. பிரீதரை ஒரு ஹோஸ் போட்டு பானெட் உயரத்துக்குக் கொண்டுபோறது அதைவிட மலிவு.

அண்ணன் வண்டியில் முன் ஆயில் சுத்தமா இருந்தது, பின்னாடி லேசா வெளுத்திருந்தது. அதை மாத்திட்டோம். முன் சக்கரம் இப்போ இழுக்குது, ஆனா லாக் விளக்கு மட்டும் குழியில் விழும்போது அணைஞ்சு எரியுது. டிஃபரன்ஷியல் மேல இருக்கிற ஸ்விட்சோட பின்தான் லூஸுன்னு நினைக்கிறேன். வர ஞாயித்துக்கிழமை கழட்டணும்.