கான்சாகிபுவைச் சிறுவர்களுக்கு எப்படிச் சொல்வது?

சிறுவர்களுக்கான வாழ்க்கை வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். நாயகர் பிஞ்சு வயதிலேயே வீரர், அறிவாளி. வளர்ந்ததும் நாட்டுக்காக உயிர் கொடுப்பார். நடுவில் ஒரு தடுமாற்றமும் இருக்காது. மதுரையின் கான்சாகிபுவை இந்த வார்ப்புக்குள் அடைக்கப் பார்த்தால் பாதி ஆள் வெளியே நின்றுவிடுவார். மருதநாயகம் என்று இன்று பலருக்கும் தெரிந்த இந்த யூசுப்கான், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் உயர்ந்தவர். 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து அதை அலைக்கழித்துக் கம்பெனிக்குக் கைகொடுத்தவர். 1761இல், வெள்ளையரை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டைகளைக் கம்பெனிக்காகப் பிடித்தவரும் அவரேதான். இரண்டே ஆண்டுகளில், அதே கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியையும் எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்று போரிட்டார். 1764 ஜூனில் வெள்ளையர் நடத்திய பெருந்தாக்குதலை முறியடித்தார். அக்டோபரில் சொந்த ஆட்களே அவரைப் பிடித்துக் கொடுக்க, 15ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

பூலித்தேவரை வீழ்த்திய பகுதியை விட்டுவிட்டு 'வெள்ளையரை எதிர்த்த மாவீரன்' என்று எழுதுவது எளிது. அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பகுதியை நீக்கினால் கதையின் முடிச்சே அவிழ்ந்து போகிறது. கம்பெனிக்கு இத்தனை செய்தவர் ஏன் திரும்பினார்? மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டு, வரி வசூலித்தவரை நவாபு தன் கைக்கடங்கிய ஆளாக வைத்திருக்க நினைத்தார். கம்பெனி நவாபின் பக்கம் சாய்ந்தது. நாட்டுப்பற்று, தன்மானம், பதவி ஆசை என்று மூன்றும் அந்த முடிவில் கலந்திருக்கலாம். மீனாட்சியம்மன் கோயில் செலவுக்கு வருவாய் ஒதுக்கிய அதே ஆட்சியாளர் கள்ளர் நாட்டில் கடுமையாக நடந்துகொண்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்து யோசிக்க இதைவிட நல்ல விஷயம் என்ன இருக்கிறது?

பிள்ளைகளுக்கு முன்மாதிரி வேண்டாமா, குறைகளைச் சொன்னால் குழம்பிவிடமாட்டார்களா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கோவலனைத் தீர விசாரிக்காமல் கொன்ற பாண்டியன் நெடுஞ்செழியன், உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்ட கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் காலம் காலமாகக் கேட்டு வளர்கிறார்கள். அதைக் கேட்டு யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. கோவலனும் தவறாதவன் அல்லவே. காப்பியத்தில் தாங்கிக்கொள்ள முடிந்ததை வரலாற்றில் மட்டும் தாங்கமாட்டார்கள் என்பது பிள்ளைகளைக் குறைத்து எடைபோடுவது.

இன்னொரு தடை சற்று வலுவானது: அவருடைய இளமைக்காலம் பற்றி உறுதியான சான்று குறைவு, அப்படிப்பட்டவரின் கதையைச் சிறுவர் நூலில் எப்படிச் சொல்வது என்பது. அதையும் கதையின் பகுதியாக்கிவிடலாம் என்பேன். கம்பெனியின் கடிதங்களையும் ஆவணங்களையும் வைத்து எஸ். சி. ஹில் 1914இல் ஆங்கிலத்தில் எழுதிய வரலாறு ஒரு பக்கம், நா. வானமாமலை பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' என்ற கதைப்பாடல் மறுபக்கம். ஒன்று கலகக்காரனைக் காட்டுகிறது, மற்றொன்று மக்கள் பாடி வைத்திருந்த வீரனை. இரண்டிலிருந்தும் ஒரே நிகழ்ச்சியை எடுத்து அருகருகே வைத்தால், வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதைவிடத் தெளிவாகப் பிள்ளை புரிந்துகொள்ளும். மதுரைப் பிள்ளைக்கு மூன்றாவது சான்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: கான்சாமேட்டுத் தெரு, சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான பள்ளிவாசல்.

நான் தயங்குவது ஒரே இடத்தில்தான். தூக்குக் கயிறு அறுந்து விழுந்ததாகவும், உடலைக் கூறுபோட்டு வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பியதாகவும் சொல்லப்படும் செய்திகளை எட்டு வயதுக்கான நூலில் சேர்க்க வேண்டியதில்லை; தூக்கிலிடப்பட்டார் என்பதே போதும். பதின்பருவத்தினருக்கு எழுதும்போது சேர்க்கலாம், மக்கள் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்ற குறிப்போடு.